ஒலிபெருக்கியும் உப்புக் காற்றும்



பதிவு நீளமானது. ஆறுதலாக இருக்கும் நேரத்தில் வாசியுங்கள். போன மாதம் எங்கள் வீட்டில் நடந்த ஒன்றை உறவுக்காரத் தம்பி ஒருவர் குடும்ப வட்ஸ்அப் குழுவில் பகிடியாகப் போட்டிருந்தார். அவருக்கு நாலு வரியில் பதில் எழுத வெளிக்கிட்டோம். எழுத எழுத அது ஆனையிறவின் கதையாகவும், ரஷ்யாவில் வெள்ளத்தில் மாட்டிய நாய்களின் கதையாகவும் நீண்டுவிட்டது.

நடந்தது இதுதான். புத்தளத்தில் இருக்கும் உம்மா, பத்து நாள் எங்களோடு தங்கிப் போக வந்திருந்தார். நாங்கள் படிப்பிக்கும் பாடசாலை ஆனையிறவுக்குத் தெற்கே, பரந்தன் பக்கம். வாடகை வீடும் அங்கேதான். ஒருநாள் காலை, முச்சக்கர வண்டியொன்றில் ஒலிபெருக்கி கட்டி, நடமாடும் சேவை ஒன்றுக்காக அறிவித்துக்கொண்டு போனார்கள். "பொதுமக்கள் அனைவரும் பத்து மணிக்கு மைதானத்தில் ஒன்றுகூடுமாறு கேட்டுக்கொள்கிறோம்." அவ்வளவுதான். உம்மா கிணற்றடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தவர், சட்டியை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனார். நாங்கள் பாடசாலைக்கு வெளிக்கிடுகிற அவதியில் கவனிக்கவில்லை. பிறகு பார்த்தால், பேரப்பிள்ளையின் இரண்டு சட்டை, ஒரு துவாய், பிறப்புச் சான்றிதழ் வைத்திருக்கும் கோப்பு, எல்லாம் ஒரு பைக்குள். கை ஈரம்கூடக் காயவில்லை. மூச்சு வாங்கியது.

"எங்கே உம்மா போகப் போறீங்க?" என்று கேட்டோம்.

"தெரியாது பிள்ளை" என்றார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, தான் கட்டிய பையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கப்பட்டார் என்றுதான் நினைக்கிறோம்.

தம்பி குழுவில் கேட்டிருந்த கேள்வி: "பெரியம்மா முப்பத்தஞ்சு வருஷமா புத்தளத்தில நல்லாத்தானே இருந்தாங்க. அங்க லவுட்ஸ்பீக்கர் இல்லையா? வடக்குக்கு வந்து நாலு நாளில மட்டும் எப்படிப் பயம் வந்தது?" பக்கத்தில் சிரிக்கும் பொம்மை மூன்று.

பொம்மைகளை விடுவோம். கேள்வி நல்ல கேள்வி. இதே கேள்வியை வைத்து ஆய்வுகூடங்களில் வருஷக்கணக்காக வேலை செய்திருக்கிறார்கள்.

உம்மா பிறந்த இடம் யாழ்ப்பாணம் சோனகதெரு. 1990 ஒக்டோபர் 30 காலை, விடுதலைப் புலிகளின் வாகனங்கள் ஒலிபெருக்கியோடு முஸ்லிம் தெருக்களில் வந்தன. எல்லோரும் ஜின்னா மைதானத்துக்கு வரவேண்டும் என்று அறிவித்தார்கள். வீட்டுக்கொருவர், இருவரென்று போனார்கள். ஏதோ கூட்டம் என்றுதான் நினைத்தார்களாம். அங்கே வைத்துத்தான், இரண்டு மணி நேரத்துக்குள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று சொல்லப்பட்டது. போகும் வழியில் நகைகளும் பணமும் பறிக்கப்பட்டன. சாவகச்சேரி, மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று அந்த மாதம் முழுவதும் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் ஏறக்குறைய 75,000 பேர். நாங்கள் அப்போது உம்மாவின் இடுப்பில் இருந்த கைக்குழந்தை. எங்களுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. அயலில் இருந்த தமிழ்ச் சனம் வேலிக்கரையில் நின்று அழுததை உம்மா எப்போதும் சொல்வார். அதைச் சொல்லாமல் இந்தக் கதையை அவர் ஒருநாளும் முடித்ததில்லை.

இப்போது ஆனையிறவுக்கு வருவோம். அந்த ஊரோடு எங்கள் வீட்டுக்கு இருந்த உறவு பயத்தால் வந்ததல்ல. வாப்பா உப்பு லொறி ஓட்டியவர். ஆனையிறவு உப்பளம் 1930களின் பிற்பகுதியில் தொடங்கியது. அங்கிருந்து உப்பு ஏற்றி, கரையோர வாடிகளுக்குக் கருவாடு போடக் கொடுப்பதும், மிச்சத்தை யாழ்ப்பாணச் சந்தைக்குக் கொண்டுபோவதும் வாப்பாவின் தொழில். சோளகக் காற்று வீசத் தொடங்கினால் உப்பு விளையும், கையில் காசு புழங்கும். புத்தளம் போன பிறகும் வாப்பா தேடிப்போனது அங்குள்ள உப்பளத்தைத்தான். உப்புக் காற்று மூக்கில் பட்டால் அவருக்குச் சந்தோஷம். 1990 இல் யுத்தத்தோடு ஆனையிறவு உப்பளம் நின்றுபோனது. அண்மையில், 2025 மார்ச்சில், அங்கே உப்புத் தொழிற்சாலை திறக்கப்பட்ட செய்தி வந்தபோது வாப்பா உயிரோடு இல்லை.

அதே காற்று வேறு ஆட்களுக்கு வேறு மாதிரி.

யானைகள் ஆழமில்லாத களப்பில் இறங்கி, வன்னிக்கும் குடாநாட்டுக்கும் இடையில் கடந்த இடம் என்பதால் வந்த பெயர் ஆனையிறவு. ஒல்லாந்தர் இங்கே ஒரு சிறு கோட்டை வைத்திருந்தார்கள். வன்னிக் காட்டில் பிடித்த யானைகளை இந்த வழியாகத்தான் குடாநாட்டுக்கு ஓட்டிப்போய், ஊர்காவற்றுறையில் கப்பல் ஏற்றினார்கள். அந்த யானைகளைப் பிடித்ததும் பயத்தைக் கொண்டுதான். தீப்பந்தமும் பறையும் கூச்சலுமாகக் கலைத்துக் கலைத்துப் பட்டிக்குள் அடைப்பது அந்தக் காலத்து வழக்கம். யாழ்ப்பாணத்துக்கு நிலத்தால் போகிற வாசல் இது என்பதால், யார் ஆண்டாலும் இங்கே காவல் இருந்தது. எண்பதுகளில் இராணுவ முகாமடியில் பஸ்ஸால் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வெயிலில் வரிசையாக நடந்ததைக் கேட்டால், எங்கள் பாடசாலைப் பிள்ளைகளின் அப்பப்பாமார் நேற்று நடந்ததுபோலச் சொல்வார்கள். அந்த வரிசையில் பிடிபட்டுத் திரும்பி வராத இளைஞர்களும் உண்டு.

பிறகு பெரிய சண்டைகள். 1991 ஜூலை 10 ஆம் திகதி புலிகள் முகாமை முற்றுகையிட்டார்கள். இரும்புத் தகடு போர்த்திய புல்டோசரைக் கொண்டு உடைக்கப் பார்த்தார்கள். இராணுவம் வெற்றிலைக்கேணியில் கடல்வழியாக இறங்கி வந்து சேர ஓகஸ்ட் ஆகிவிட்டது. இரு பக்கத்திலும் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். அந்த நிலத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒளிய ஒரு மரமில்லை. வெள்ளைத் தரையில் வெயில் பட்டுக் கண் கூசும். 2000 ஆம் ஆண்டில் முகாம் விழுந்ததற்குத் தண்ணீர் ஒரு பெரிய காரணம். ஆனையிறவில் எங்கே தோண்டினாலும் உப்பு. குடிதண்ணீர் இயக்கச்சிக் கிணறுகளிலிருந்து வரவேண்டும். அந்தக் கிணறுகள் கைமாறியதும், ஏப்ரல் வெயிலில் தாகத்தோடு இராணுவம் பின்வாங்கியது. ஏப்ரல் 22 முகாம் புலிகளிடம் போனது. 2009 ஜனவரி 9 திரும்ப இராணுவத்திடம். இன்று ஏ-9 வீதியால் போகும்போது தெரிவது அந்தப் புல்டோசரும், கைகள் நான்கு தூக்கிப் பிடித்திருக்கும் இலங்கை வடிவ நினைவுச்சின்னமும்.

தெற்கிலிருந்து சுற்றுலா வரும் பஸ்களில் சில வேளை நடுத்தர வயது ஆண்கள் இறங்காமல் உள்ளேயே இருப்பதைக் கண்டிருக்கிறோம். ஏன் என்று கேட்டதில்லை. தாகத்தில் அங்கு கிடந்தவர்களில் ஒருவராக இருக்கலாம் என்று நாங்களாகவே நினைத்துக்கொள்வோம். ஒரே உப்புக் காற்றில் வாப்பாவுக்கு வருமானம், ஒரு சிப்பாய்க்கு வரண்ட தொண்டை, ஒரு அப்பப்பாவுக்கு அடையாள அட்டை. காற்றில் பயம் இல்லை. அந்த நேரத்தில் உடம்பு எதைப் பட்டதோ அதை மூளை காற்றோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிடுகிறது.

இந்த முடிச்சைப் பற்றி நாங்கள் முதலில் படித்தது ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில். உளவியல் பாடத்தில் பாவ்லோவ் வருவார். மணி அடித்தால் நாய்க்கு வீணி வடியும், பரீட்சைக்கு ஐந்து புள்ளி, முடிந்தது. எங்களுக்கு யாரும் சொல்லாத பாதி ஒன்று இருக்கிறது. 1924 செப்டெம்பர் 23, லெனின்கிராட் நகரில் நேவா ஆறு பெருக்கெடுத்தது. பாவ்லோவின் நாய்க்கூடுகளுக்குள் தண்ணீர் ஏறியது. உதவியாளர்கள் வந்து சேரும்போது, நாய்கள் கூட்டின் மேற்பக்கத்தில் மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு மிதந்தன. கதவு கீழே இருந்ததால், ஒவ்வொரு நாயையும் தண்ணீருக்குள் அமுக்கித்தான் வெளியே இழுக்க முடிந்தது. நாய்கள் பிழைத்தன. ஆனால் சிலவற்றுக்கு, மாதக்கணக்காகப் பழக்கிய பாடங்கள் எல்லாம் அழிந்துபோயிருந்தன. மெல்ல மெல்லத் தேறின. பிறகு ஒருநாள், சோதனை அறையின் கதவுக்கடியால் கொஞ்சம் தண்ணீர் ஓடவிட்டார்கள். அவ்வளவுதான், நாய் பழையபடி நடுங்கத் தொடங்கிவிட்டது.

கதவுக்கடியில் ஓடிய அந்தத் தண்ணீரும் எங்கள் வாசலில் போன முச்சக்கர வண்டியும் ஒன்றுதான் என்று எங்களுக்குப் படுகிறது.

மனிதரில் இதைச் செய்து பார்த்தவர்கள் அமெரிக்காவில் ஜோன் வொட்சனும் ரொசாலி ரேய்னரும், 1920 இல். பால்குடி வயதுப் பிள்ளை ஒன்று. வெள்ளை எலியோடு பயமின்றி விளையாடியது. அது எலியைத் தொடும்போதெல்லாம் பின்னால் நின்று இரும்புக் கம்பியில் சுத்தியலால் அடித்தார்கள். சில தடவையிலேயே பிள்ளை எலியைக் கண்டால் அழுதது. பிறகு முயலுக்கும், நாய்க்கும், மென்மயிர் மேலங்கிக்கும் அழுதது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று எங்கள் ஊரில் சொல்வதைத்தான் அவர்கள் ஆய்வாக எழுதினார்கள். பயத்தைப் போக்காமலேயே பிள்ளையைத் தாயோடு அனுப்பிவிட்டார்கள். கலாசாலையில் இதை ஒரு "பரிசோதனை" என்று அமைதியாக எழுதிக்கொண்டோம். இன்று சொந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு நினைத்தால் கோபம்தான் வருகிறது.

"நடிப்பு" என்று சொல்பவர்களுக்கு இன்னொரு பழைய கதை. ஜெனீவாவில் எடுவார்ட் கிளபரேட் என்ற மருத்துவரிடம் ஒரு பெண் நோயாளி. புதிய ஞாபகம் எதுவும் அவருக்கு நிற்காது. தினமும் வரும் மருத்துவரையே ஒவ்வொரு நாளும் யாரோ என்றுதான் பார்ப்பார். ஒருநாள் மருத்துவர் விரலிடுக்கில் ஒரு குண்டூசியை மறைத்துவைத்துக் கைகுலுக்கினார். குத்தியதையும் சிறிது நேரத்தில் பெண் மறந்துவிட்டார். அடுத்த தடவை மருத்துவர் கை நீட்டியபோது, தன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கிளபரேட் இதை எழுதியது 1911 இல். கதையை மறந்த ஆளுக்குப் பயம் மட்டும் ஞாபகம் இருந்தது. அப்படியென்றால் இரண்டும் ஒரே இடத்தில் இல்லை.

அது எங்கே என்று பிற்காலத்தில் கண்டுபிடித்தார்கள். காதுக்கு உட்புறமாக, மூளையின் ஆழத்தில் இரண்டு பக்கமும் வாதுமைக் கொட்டை அளவில் ஒரு பகுதி இருக்கிறது. அதன் பெயர் அமிக்டலா. பக்கத்திலேயே கடற்குதிரை வடிவில் ஹிப்போகாம்பஸ். எது எங்கே, எப்போது நடந்தது என்ற கதையைக் கோர்ப்பது அதன் வேலை. 1995 இல் அமெரிக்காவின் அயோவாவில் மூன்று நோயாளிகளை வைத்துப் பார்த்தார்கள். ஒரு நிறத்தைக் காட்டும்போது மட்டும் கப்பல் ஊதல் போன்ற பெரிய சத்தம் வரும். அமிக்டலா பழுதானவர் எந்த நிறத்துக்குச் சத்தம் வந்தது என்று சரியாகச் சொன்னார். அவர் உடம்பில் பயத்தின் அடையாளமே இல்லை. ஹிப்போகாம்பஸ் பழுதானவருக்கு நிறத்தைக் கண்டதும் உள்ளங்கை வியர்த்தது. ஏன் என்று தெரியவில்லை. இரண்டும் பழுதான மூன்றாமவரிடம் கதையும் இல்லை, பயமும் இல்லை.

நியூயோர்க்கில் ஜோசப் லெடூ என்பவர் எலிகளில் அந்தச் சத்தம் போகும் பாதையைத் தேடிப் பிடித்தார். காதில் விழுந்த சத்தம் தலமஸ் என்ற சந்திக்கு வந்து, அங்கிருந்து இரண்டு வழியாகப் போகிறது. ஒன்று மூளையின் மேற்பட்டை வழியாகச் சுற்றிப் போய், இது யார் குரல், என்ன சொல்கிறது என்று ஆராய்ந்த பிறகு அமிக்டலாவுக்கு வருகிறது. மற்றது நேரே அமிக்டலாவுக்குக் குறுக்கால் போகிறது. குறுக்குப் பாதையால் போகும் செய்தி கரடுமுரடானது, ஆனால் முந்திவிடும். "நடமாடும் சேவை" என்ற சொல் உம்மாவுக்கு விளங்கும் முன்பே இதயம் அடிக்கத் தொடங்கிவிட்டது. கை மீன்சட்டியை வைத்தது. கால் உள்ளே போனது.

வாசனை இதிலும் விசேஷம். மற்றப் புலன்கள் எல்லாம் தலமஸ் சந்தியில் நின்று போகவேண்டும். மூக்கின் செய்தி அங்கு நிற்காமலே அமிக்டலாவின் வாசலுக்குப் போய்விடும். எங்களோடு படிப்பிக்கும் தமிழ் ஆசிரியை ஒருவர் 2009 இல் முள்ளிவாய்க்கால் வரை நடந்தவர். கிபிருக்கோ ஷெல்லுக்கோ அல்ல, ஒக்டோபர் முதல் மழைக்குத்தான் அவருக்கு ஆகாது. ஈர மணலின் வாசம் வந்தால் எழும்பி வெளியே போய்விடுவார். பங்கருக்குள் அந்த வாசத்தோடுதான் மாதக்கணக்காக இருந்தாராம். மழை வரவேண்டும் என்று எல்லோரும் துஆச் செய்கிற மாதத்தில் அவருக்கு மட்டும் அப்படி.

போருக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளும் ஹெலிச் சத்தத்துக்கு மேசைக்கடியில் குனிகிறார்களே என்று கேட்பீர்கள். எண்பதுகளில் சூசன் மினேக்கா என்ற ஆய்வாளர் குரங்குகளில் காட்டியது இது. ஆய்வுகூடத்தில் வளர்ந்த குரங்குகளுக்குப் பாம்பென்றால் பயமில்லை. பாம்பைக் கண்டு பயப்படும் இன்னொரு குரங்கைப் பார்த்த பின் அவற்றுக்கும் பயம் வந்துவிட்டது. பிள்ளைகள் ஹெலியைப் பார்ப்பதில்லை. அம்மாவின் முகத்தைப் பார்க்கிறார்கள். இந்தப் படிப்பு நல்லதற்கும் உதவுகிறது. முகமாலையில் உலகின் மிகப் பெரிய கண்ணிவெடி வயல்களில் ஒன்று இருந்தது. சிவப்புப் பலகையையும் மண்டையோட்டுப் படத்தையும் கண்டால் எங்கள் பிள்ளைகள் கிட்டப் போகமாட்டார்கள். ஒரு வெடியையும் கண்டிராமல், சொல்லக் கேட்டே கற்ற பயம் அது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்றால், எங்கள் ஊரில் சூடு காணாத குட்டியும் போகாது.

சரி, தம்பியின் கேள்வி. அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன.

முதலாவது, ஒலிபெருக்கிக்குப் பயம் என்றால் பாங்குச் சத்தத்துக்கு ஏன் பயமில்லை? ஒரு நாளைக்கு ஐந்து நேரம் ஒலிபெருக்கியில்தானே வருகிறது. மூளை முடிச்சுப் போட்டது கருவியோடு இல்லை. ஒரு வகைக் குரலோடு. யாழ்ப்பாணத் தமிழ் உச்சரிப்பு, ஆண் குரல், ஓடும் வாகனத்திலிருந்து வரும் இரைச்சல், "மைதானம்", "ஒன்றுகூடுமாறு". புத்தளத்தில் மீன்காரரும் லொத்தர்க்காரரும் ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு போவார்கள். அது வேறு தமிழ், சில நேரம் சிங்களம். உம்மா அதற்குத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

இரண்டாவது, முப்பத்தைந்து வருஷத்தில் பயம் அழியாதா? பாவ்லோவே இதற்குப் பாதி விடை கண்டிருந்தார். மணி அடித்துச் சாப்பாடு கொடுக்காமலே விட்டால் வீணி நின்றுவிடும். சில நாள் விட்டு மறுபடி மணி அடித்தால் திரும்ப வடியும். பழைய பாடம் அழிந்துபோவதில்லை. அதன் மேல் புதுப் பாடம் ஒன்று எழுதப்படுகிறது. மற்றப் பாதி விடையை வெர்மொன்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் பௌட்டன் கண்டார். எலிக்கு ஒரு பெட்டியில் பயத்தைப் படிப்பித்தார்கள். வேறொரு பெட்டியில் வைத்து, ஒன்றும் நடக்காது என்று திரும்பத் திரும்பக் காட்டிப் பயத்தைத் தணித்தார்கள். பழைய பெட்டியில் திரும்ப வைத்ததும் பயம் அப்படியே எழும்பிவிட்டது. பயப் பாடம் எந்த இடத்துக்கும் கூடவே வரும். "இனி ஆபத்தில்லை" என்ற பாடம் மட்டும் கற்ற இடத்தோடு ஒட்டிக்கிடக்கும்.

தம்பி, புத்தளம் இரண்டாவது பெட்டி. பனைக்குள்ளால் வரும் காற்றும், இந்த உச்சரிப்பும், இந்த மண்ணும் உள்ள முதலாவது பெட்டிக்குள் பெரியம்மா 1990க்குப் பிறகு பத்து நாள் சேர்ந்தாற்போல் தங்கியது இதுதான் முதல் தடவை. நீங்கள் சொன்ன அந்த முப்பத்தைந்து வருஷமும் இந்த இடத்தில் கணக்கில் வராது. 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த ஊடக மாநாட்டில் அன்ரன் பாலசிங்கம் முஸ்லிம்களின் வெளியேற்றத்துக்கு வருத்தம் தெரிவித்தார். உம்மாவும் வானொலியில் கேட்டார். காதால் கேட்ட அந்தச் செய்தி கதை இருக்கும் பக்கத்துக்குத்தான் போயிருக்கும்.

இதனால் உம்மாவுக்கு நோய் என்று யாரும் எண்ணவேண்டாம். புத்தளத்தில் நெடுங்காலம் இடம்பெயர்ந்து வாழ்ந்த முஸ்லிம்களிடம் செய்து 2013 இல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஏதோ ஒரு உளநலப் பிரச்சினை இருந்தது. ஆனால் மனவடு நோய் என்று சொல்லத்தக்க நிலையில் இருந்தவர்கள் நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. அப்படி நித்திரை இல்லாமல், பகலிலும் அந்தக் காட்சியே ஓடுகிறவர்கள் வைத்தியசாலை உளநலப் பிரிவுக்குப் போகவேண்டும். யாழ்ப்பாணத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் யுத்தம் நடக்கும்போதே இதற்கு மருத்துவம் செய்தும் எழுதியும் வந்தார்கள். ஓதிப் பார்ப்பது மனதுக்கு ஆறுதல் தரும், நாங்களும் ஓதுகிறவர்கள்தான். ஆனால் ஜின் பிடித்திருக்கிறது என்று ஒருவரை மாதக்கணக்காக வீட்டுக்குள் வைத்திருப்பதைக் கண்டிருக்கிறோம். அது பிழை.

எங்கள் பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டி கிட்டவருகிறது. உம்மாவின் சம்பவத்துக்குப் பிறகு ஆசிரியர் கூட்டத்தில் நாங்கள் எழும்பி, ஓட்டத்தைத் தொடங்கத் துவக்குச் சத்தம் வேண்டாம், கொடி அசைத்தால் போதும் என்று சொன்னோம். விளையாட்டு ஆசிரியர் சம்மதிக்கவில்லை. "வலயப் போட்டியில துவக்குத்தான் வைப்பாங்க. இங்க பழகாத பிள்ளை அங்க போய்ச் சத்தத்துக்கு உறைஞ்சு நிக்கும், சேர்" என்றார். அவருக்குப் பின்னால் இருந்த ஈர மணல் ஆசிரியையும் அவர் பக்கம்தான். யோசித்துப் பார்த்தால் அவர்கள் சொன்னது சரி. சத்தத்தை ஒளித்துவைத்தால் பழைய பாடம் மட்டும்தான் மிஞ்சும். 1924 இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற பெண், முயலுக்குப் பயந்த மூன்று வயதுப் பையன் ஒருவனுக்குச் செய்தது இதைத்தான். அவன் விருப்பமானதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, கூட்டில் இருந்த முயலைத் தூரத்தில் வைத்தார். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டக் கொண்டுவந்தார். கடைசியில் பையன் முயலைத் தடவினான். வொட்சன் செய்யாமல் விட்ட வேலை அது.

ஆகவே கூட்டத்தில் முடிவானது: துவக்கு இருக்கும். எத்தனை மணிக்கு எத்தனை வெடி என்று முதல்நாளே வீடுகளுக்குத் துண்டு போகும். பயிற்சி நாட்களில் பெரியவர்கள் விரும்பினால் வந்து தூரத்தில் இருந்து பார்க்கலாம். விரும்பாதவர்களை யாரும் கூப்பிடக்கூடாது. சோடா எங்கள் செலவு.

அறிவித்தல் செய்த முச்சக்கர வண்டிக்காரர் எங்கள் மாணவன் ஒருவனின் தகப்பன். விஷயத்தைச் சொன்னதும் பின்னேரமே வீட்டுக்கு வந்துவிட்டார். அவரும் வலைஞர்மடத்தில் இருந்து முள்வேலி முகாமுக்குப் போனவர்தான். இனிமேல் முதலில் யார் அறிவிக்கிறார்கள், என்ன காரியம் என்று சொல்லிவிட்டுத்தான் "வாருங்கள்" என்று சொல்வேன் என்றார். பிறகு உம்மாவைப் பார்த்து, "அம்மா, நீங்களும் ஒருக்கா மைக்கில கதைச்சுப் பாருங்கோவன்" என்றார்.

உம்மா மைக்கைத் தொடவில்லை. ஆனால் அவர் தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை வண்டிக்குப் பக்கத்திலேயே நின்று, இது எத்தனை மைலுக்குக் கேட்கும், பற்றரி எவ்வளவு நேரம் நிற்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

புத்தளம் திரும்பிப் போகும்போது அந்தப் பையை இங்கேயே விட்டுவிட்டுப் போனார். விளையாட்டுப் போட்டிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். பயிற்சி நாளில் எத்தனை வெடி என்று தொலைபேசியில் இரண்டு தரம் கேட்டுவிட்டார். ஆறு என்று சொல்லியிருக்கிறோம்.